அழுக்கு என்று துடைத்தது

கடலைத் துடைத்தது தயாளன்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை. பீச் ஸ்ட்ரீட் கடைவீட்டு மாடியில் இருந்த அந்த அறையில் அவரையும் குளிர்காற்று விடும் ஒரு ஏர்கோனையும் தவிர வேறு யாரும் இல்லை. ஏர்கோனுக்குக் கை கிடையாது.

நடந்தது இவ்வளவுதான். 1962-ல் பத்து ஃபிரிங்கி என்ற கடற்கரையில் எடுத்த ‘தீவுக்கு வந்த தேவகி’ படத்தைப் புதுப்பித்துப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டும் வேலை அவருக்கு வந்திருந்தது. பழைய சுருளை ஒவ்வொரு ஃபிரேமாகக் கணினியில் ஏற்றிவிட்டால், தூசையும் கீறலையும் மென்பொருளே தேடித் துடைத்துவிடும். ஒரு ஃபிரேமில் இருந்து அடுத்ததில் காணாமல் போகிற வெள்ளைப் புள்ளி எதுவானாலும் அதற்கு அழுக்குதான். பக்கத்திலேயே உட்கார்ந்து, இது அழுக்கு, இது அலை நுரை என்று பிரித்துச் சொல்வது மனிதன் வேலை. இருபத்தாறு வருடமாக ஊருக்கெல்லாம் இதைப் பாடம் எடுத்த தயாளன், அன்று மதியம் பசி தாங்காமல், துடைக்கும் அளவை உச்சத்தில் வைத்துவிட்டு நாசி கண்டார் சாப்பிடப் போனார். சும்மா போயிருந்தாலாவது பரவாயில்லை. மூலக் கோப்பின் மேலேயே சேமிக்கும்படி பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது ஆறாவது ரீல் பளிச்சென்று இருந்தது. இனி மறுபடி ஏற்றவும் முடியாது. டப்பாவுக்குள் சுருள் புளித்து, அச்சார் ஜாடி மாதிரி நாறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தது.

“கெட்டிக்காரன்டா நீ,” என்று தன்னையே மெச்சிக்கொண்டு தயாளன் பாடல் காட்சியை ஓட்டிப் பார்த்தார். கதாநாயகன் படகில் நின்று பாடுகிறான். பின்னால் வெயிலில் கடல் மின்னுகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் மீனவப் பெண்களாக வேஷம் கட்டிய ஒரு கூட்டம் ஆடுகிறது. எல்லாம் சுத்தம். ஆனால் கூட்டத்துக்கு அப்பால், ஆழத்தில், ஒரே ஓர் இடத்தில் மட்டும் அலைகள் பிரிந்து போயின. நேராக வந்து, அங்கே வந்ததும் இரண்டாகி, எதையோ சுற்றிக்கொண்டு, பிறகு சேர்ந்தன.

அங்கே ஒன்றுமே இல்லை.

புதன்கிழமைகளில் லெட்சுமி வருவார். அறுபத்தேழு வயது. நிபோங் திபாலிலிருந்து ரயிலேறி, பட்டர்வொர்த்தில் ஃபெரி பிடித்து, கையில் ஒரு தூக்குச் சட்டியோடு மூச்சிரைக்க மாடியேறுவார். புதுப்பிக்கும் செய்தியைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து இதே வழக்கம். அந்த வாரமும் வந்தார்.

“எங்கம்மா இதுல இருக்காளா தம்பி?”

“தேடிக்கிட்டு இருக்கேன்கா.”

“நல்லாத் தேடுங்க லா. பேரு அஞ்சலை. எஸ்டேட்டுலேருந்து லோரியில ஏத்திட்டு வந்தாங்களாம், கூட்டத்துல ஆடுறதுக்கு. கடலையே பாத்திராத பொம்பளைங்க.”

“ஒங்களுக்கு அப்ப என்னா வயசு?”

“நாலு. லோரி திரும்பி வந்துச்சி, அம்மா வரல. சினிமாக்காரன் எவன்கூடயோ ஓடிட்டான்னு கங்காணி வந்து சொன்னான். அப்பா அவ சேலை, போட்டோ எல்லாத்தையும் போட்டு எரிச்சிட்டாரு.” லெட்சுமி சட்டியைத் திறந்து ஆட்டுக்கறிப் பிரட்டலை அவர் பக்கம் தள்ளினார். “நான் கல்யாணம் கட்டிப் போன வீட்டுலயும் எனக்கு அதான் பேரு, ஓடுகாலி மவ. ஓடுனவ ஒரு கடுதாசி போடமாட்டாளா தம்பி? எனக்கு அவ மொகம் ஞாபகம் இல்ல. ஒரே ஒரு வாட்டி பாத்தாப் போதும்.”

தயாளன் கறியைத் தொடவில்லை. சமையல் குற்றமில்லை.

அவர் போனபிறகுதான் தயாளனுக்கு அது நினைவுக்கு வந்தது. துடைத்ததை மென்பொருள் தூக்கி எறிவதில்லை. எதையெல்லாம் துடைத்ததோ, அதை மட்டும் கறுப்புப் பின்னணியில் தனிக் கோப்பாக வைத்திருக்கும். குப்பைத் தொட்டி மாதிரி. யாரும் அதைத் திறப்பதில்லை. அவர் திறந்தார்.

கறுப்பு. சிதறிய தூசு, மயிரிழைபோல் கீறல்கள். அப்புறம் தூசெல்லாம் அடங்கி, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. வந்தது, மறைந்தது, வந்தது. பெரிதாக்கினார்.

ஐந்து விரல்.

நானூற்றுப் பன்னிரண்டு ஃபிரேம். பதினேழு நொடி. கடல் இல்லை, வானம் இல்லை, ஆள் இல்லை. கும்மிருட்டில் ஒரு கை மட்டும் விரித்து, மடக்கி, மறுபடி விரித்து, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் அமிழ்ந்து போனது. வெளியே மதிய வெயிலில் ஒரு ட்ரைஷாக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். தயாளன் முதலிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

பயத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. முதலில் தன்மேல், அழுக்கு என்று துடைத்தவன் வேறு யார்? பிறகு நாச்சியப்பன்மேல். படத்தைத் தயாரித்தவரின் மகன். அன்று இருபது வயதில் கேமராப் படகில் கிளாப் பலகை பிடித்தவர். இன்று எண்பத்துமூன்று வயதில் திரையிடல் விழாவின் தலைவர்.

பெரியவரின் வீட்டுக்கே போய்க் கேட்டார்.

“ஐயா, பாட்டு எடுத்த அன்னைக்கி யாராச்சும் தண்ணியில மாட்டிக்கிட்டாங்களா?”

“தேத்தண்ணி குடிங்க தம்பி.”

“கூட்டத்துல வந்த ஒரு பொம்பள...”

“கடல் நல்லா வந்துருக்கும், இல்லியா? அப்பாவுக்கு அந்த ஷாட்டுன்னா உசுரு.”

“ஐயா, நான் ஒண்ணு கேக்குறேன், நீங்க ஒண்ணு சொல்றீங்க.”

“வயசாச்சில்ல தம்பி,” என்று சிரித்தார். பல் வரிசை மாசுமறுவில்லாமல் இருந்தது. அதையும் யாரோ புதுப்பித்துக் கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் கோப்பில் தொள்ளாயிரம் ஃபிரேம் இருந்தது.

தயாளன் எதையும் துடைக்கவில்லை. கணினியைத் தொடவேயில்லை. ஆனாலும் கறுப்புக்குள் கையோடு இப்போது முழங்கையும் இருந்தது. அதில் ஒட்டியிருந்த கண்ணாடி வளையல்கள் இரண்டு மினுங்கின. அறைக்குள் அச்சார் நாற்றம் போய்விட்டது. சேறும் உப்பும் கலந்த, ஃபெரித் துறையில் நீர் வற்றும்போது வருகிற அந்த வாடை சுவரிலிருந்தே கசிந்தது. மேஜை விளிம்பில் கை வைத்தார். பிசுபிசுத்தது.

வெள்ளிக்கிழமை மூவாயிரம். தோள். தோளில் சுற்றிய முடி.

சனிக்கிழமை அவர் மற்ற ரீல்களைச் சோதித்தார். இரண்டாவது ரீல், பணக்கார வீட்டுக் கூடம். பத்து மைல் சுற்றுவட்டத்தில் கடல் கிடையாது. கதாநாயகி வீணை வாசிக்கிறாள். பின்னால் ஜன்னல். ஜன்னல் கம்பியில் விரல்கள். நான்காவது ரீல், கோயில் காட்சி. தூணுக்குப் பின்னால் நனைந்த சேலை முந்தானை.

அவர் அழிக்கவில்லை. ஒரு முறை துடைத்ததே போதும். அந்த முதல் பதினேழு நொடியை எடுத்து ஆறாவது ரீலில் அதன் இடத்திலேயே திரும்பப் பொருத்தினார். கோளாறை மறைக்க அவருக்கு ஆயிரம் வழி தெரியும். அன்று ஒன்றுமே தேவைப்படவில்லை. எல்லாரும் பார்க்கட்டும். அந்த நாச்சியப்பன் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஞாயிறு மாலை நான்கு மணி. மண்டபம் நிறைந்திருந்தது. நாச்சியப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். “அறுபத்து மூணு வருஷத்துக்கு அப்பறம், ஒரு கறைகூட இல்லாத பிரதி!” என்று மைக்கில் யாரோ முழங்க, கைதட்டல் கூரையைத் தொட்டது. பின்வரிசை ஓரத்தில், பட்டுச்சேலையில், பெண் பார்க்க வந்தவர்களை எதிர்கொள்கிறவர் மாதிரி லெட்சுமி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கடைசிச் சுவரோரம், படத்தை ஓட்டும் மேஜைக்கருகில் தயாளன் நின்றார்.

முதல் ஐந்து ரீலும் ஒழுங்காகப் போயின. ஜன்னலில் யாருமில்லை. தூணுக்குப் பின்னாலும் யாருமில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

பாட்டு தொடங்கியது. படகு. வெயில். ஆடும் பெண்கள். அவர்களுக்கு அப்பால் கை.

யாரோ “அய்யோ” என்றார்கள்.

பதினேழு நொடியில் காட்சி கரைக்கு மாற வேண்டும். மாறவில்லை. தயாளன் எண்ணினார். இருபது. முப்பது. பாட்டு முடிந்தது. காட்சி முடியவில்லை. கதாநாயகனைக் காணோம். ஆடிய பெண்களைக் காணோம். படகு காலி. அலைச் சத்தம் மட்டும். மௌனமாக எடுத்த காட்சி அது, அலைச் சத்தம் பதிவாகவே இல்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். வயரைப் பிடுங்கினார்.

ஓடியது.

கை நெருங்கி வந்தது. படகைத் தாண்டி. இன்னும் நெருங்கி. திரையின் அடிவிளிம்புவரை வந்து, கீழே போனது.

பிறகு, படத்துக்கு வெளியே, திரைத்துணியின் கீழ் விளிம்பை நான்கு விரல்கள் பற்றின. துணி எடையில் தொய்ந்தது.

ஜனம் கதவுக்கு ஓடியது. நாற்காலிகள் சரிந்தன. லெட்சுமி மட்டும் எதிர்த்திசையில் போனார். ஓடவில்லை. மூட்டுவலிக்காரர் நடக்கிற மாதிரி, தள்ளாடி, நேராக.

தயாளன் முன்வரிசைக்கு வந்தார். நாச்சியப்பன் எழவில்லை. அவரது வேட்டி கீழ் விளிம்பிலிருந்து நனைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. முழங்கால். தொடை. தரை காய்ந்திருந்தது.

“பாத்தீங்களா, இல்லையா?” தயாளனின் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. “அதை மட்டும் சொல்லுங்க. பாத்தீங்களா, இல்லையா?”

பெரியவர் வாயைத் திறந்தார். முதலில் தண்ணீர் வந்தது. பிறகு பேச்சு.

“பாத்தோம் தம்பி. எல்லாரும் பாத்தோம். படகு பக்கத்துலதான். ஷாட்டு நல்லா வருது, முடியட்டும்னாரு அப்பா. முடிஞ்சப்ப அவ இல்ல. ஓடிட்டான்னு எஸ்டேட்டுல போயி சொல்லச் சொன்னது நான்தான்.”

மேடையில் லெட்சுமி மண்டியிட்டு அந்த விரல்களைத் தன் இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். இழுத்துக்கொண்டிருந்தார். திரையின் விளிம்பைத் தாண்டி முதலில் முடி வெளியே வந்தது.