கீழ்ப் படியில் வந்த பைலட்

"இவ்ளோ நேரமா வர்றது?"

கொட்டுகிற மழையில், படகின் சுக்கான் அறையிலிருந்து தலையை நீட்டி அதட்டினாள் அவள். இழுவைப் படகின் கேப்டன். படகுக்காரர்களுக்குக் கேப்டனம்மா.

அதட்டல் வாங்கியவன்... ஐயோ பாவம்! பாசி பிடித்த படியில் கால் வைத்ததும் வழுக்கி, பாதிப் படிக்கட்டை உட்கார்ந்தபடியே இறங்கி, நேராகப் படகின் கயிற்றுக் குவியலில் வந்து விழுந்திருந்தான். மழைக்கோட்டு தலை வரை ஏறிவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க, நான் வந்து..."

"வந்ததுதான் தெரியுதே! புது ஆள் வர்றான் வர்றான்னு பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. எந்திரி, கயித்தைப் பிடி!"

அவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். கயிற்றைப் பிடித்தான்.

அவள் மேல் தப்பில்லை. அந்தத் துறைமுகத்தைத் தெரிந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். தண்ணீருக்கு இறங்க அங்கே இரண்டு படிக்கட்டுகள், இரண்டும் வெள்ளைக்காரன் கட்டியவை. மேல் படி துரைமார்களின் பூட்ஸுக்கு. இழைத்த கருங்கல், பித்தளைக் கைப்பிடி. கீழ்ப் படி மூட்டை சுமக்கிறவர்களுக்கும் படகுக்காரர்களுக்கும். கொத்தாத கல், காலகாலமாகப் பாசி. வெள்ளைக்காரன் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. கொடி மாறியது, சுங்க அலுவலகத்தின் பெயர்ப் பலகை மாறியது... படிப் பழக்கம் மட்டும் மாறவில்லை. சட்டமும் கிடையாது, போர்டும் கிடையாது. ஆனாலும் கப்பல்களை உள்ளே கூட்டிவரும் பைலட்மார்கள் மேல் படியில்தான் இறங்குவார்கள், மற்றவர்கள் கீழ்ப் படியில். அதனால் கீழ்ப் படியில் வந்தவன் கயிறு இழுக்க வந்தவன் என்பது அவள் கணக்கு.

படகு கிளம்பியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"யப்பா! கயித்தைச் சுத்தச் சொன்னேனா, சிக்கு போடச் சொன்னேனா?"

அவன் நிமிர்ந்தான். இமையிலிருந்து மழைத்துளி சொட்ட, அவளையே பார்த்தான். கோபமில்லை, பயமில்லை... சிரிப்பு! வேலைக்கு வந்த அன்றே திட்டு வாங்குகிறவன் இப்படியா சிரிப்பான்? என்ன கண்ணுடா சாமி இது என்று நினைத்தவள், சட்டென்று கடலைப் பார்த்துக்கொண்டாள். கடலில் பார்க்க ஒன்றுமே இல்லை.

அப்போது துறைமுகக் கட்டுப்பாட்டு டவரிலிருந்து ரேடியோ கரகரத்தது.

"டவர் பேசுறேன். புது பைலட் இன்னும் பைலட் படகுக்கு வந்து சேரலை. கப்பல் வெளியில காத்துட்டிருக்கு. யாராவது ஆளைப் பாத்தீங்களா?"

கயிற்றுச் சிக்குக்கு நடுவிலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது.

"அது... நான்தாங்க."

"எது?"

"காணாமப் போன பைலட். மழையில படி மாறிட்டேன்."

அவளுக்குக் காதுமடல் வரை சூடேறியது. "மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல விட்டாத்தானே!"

பின்னால் இன்ஜின்காரர் சிரிப்பை இருமலாக மாற்றப் படாத பாடு பட்டார். வேறு வழியில்லாமல் அவளே படகைக் கப்பலின் பக்கவாட்டில் கொண்டுபோய் ஒட்டினாள். நூலேணியில் கால் வைத்தவன் திரும்பினான்.

"கேப்டன்... புது ஆள் தேறுவானா?"

"தேற மாட்டான். கப்பல்ல ஏத்தி விட்டுர வேண்டியதுதான்."

மழைக்கு மேல் அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அன்றோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் மறுநாளும் அவன் கீழ்ப் படியில்தான் வந்தான். அதற்கடுத்த நாளும். மேல் படியில் நின்ற மூத்த பைலட்மார்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அவன் சட்டை செய்யவில்லை.

"பித்தளைக் கைப்பிடி இருக்கறப்ப, எதுக்கு இங்க வந்து விழுந்து எந்திரிக்கிறீங்க?"

"கைப்பிடி இருக்கு... திட்டுறதுக்கு அங்க ஆள் இல்லையே."

வேலை நேரத்தில் இருவருக்கும் நடுவே ரேடியோ மட்டும்தான். கப்பலின் உச்சியில் அவன், காலடியில் அவள். 'மெல்லத் தள்ளுங்க கேப்டன்' என்று அவன் குரல் வந்தால், அவள் கை தானாக வேகத்தைக் குறைத்தது. முகம் தெரியாத தூரத்தில் ஒரு குரலுக்கு இத்தனை நெருக்கமா? அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஒரு நாள் அவன் கேட்டான். "துறைமுக வாசல் ஏன் இப்படி வளைஞ்சிருக்கு? கப்பலைத் திருப்பறதுக்குள்ள உயிர் போய் உயிர் வருது."

"துரை வளைவா? அது, படம் போட்ட துரை பென்சிலை வச்சிருக்கறப்ப தும்மிட்டாராம். கோடு கோணிடுச்சு. கேக்கற தைரியம் யாருக்கும் இல்ல, அப்படியே கட்டிட்டாங்க."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க வீட்ல கதை வேற. துரை நேராத்தான் போட்டாராம். கூலிக்காரங்கதான் கோணலாக் கட்டிட்டாங்களாம்."

"மேல் படிக்காரங்க வேற எப்படிச் சொல்வாங்க?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் சிரிப்பு அடங்கிவிட்டது. தன் வீட்டுக் கதையை அன்றுதான் முதன்முதலாக வெளியில் நின்று கேட்டவன் போல இருந்தான்.

பல வருஷம் வெளிநாட்டுக் கப்பல்களில் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியவன் அவன். அவனுடைய தாத்தா, வெள்ளைக்காரனுக்குப் பிறகு பைலட் தொப்பி போட்ட முதல் ஆள். அப்பா, ஊரே மரியாதையாகச் சொல்லும் பெரிய பைலட். மகன் தன் ஆசையை வீட்டில் சொல்லிவிட, அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு அவள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்.

கிடங்குத் தெருவின் பின்புறம், இரண்டே அறைகள் கொண்ட வீடு. அவளுடைய அப்பா அதே இழுவைப் படகில் ஆயுசு முழுக்க இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர். இருந்த ஒரே நல்ல நாற்காலியைப் பெரிய பைலட்டுக்குப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டிருந்தார். அவள் டீ கொண்டு வந்தாள். அவன் கண்கள் அவளைத் தொட்டன... நெஞ்சுக்குள் தடதடவென்று ஒரு இன்ஜின் ஓடியது.

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு," என்றார் பெரிய பைலட். "கல்யாணத்துக்கப்புறம் படகு வேலைய விட்டுரணும். அவ்ளோதான். பைலட் வீட்டு மருமக கீழ்ப் படியில கயிறும் கையுமா நின்னா, நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அவளுடைய அப்பாவின் தலை குனிந்தது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். 'பேசுங்க... ஒரே ஒரு வார்த்தை பேசுங்க...'

அவன் வாய் திறந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"ஐயா," என்றாள் அவள். "எனக்கு உங்க பையனப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். என் படகையும் பிடிக்கும். ஒண்ணை விட்டாத்தான் இன்னொண்ணுன்னா, எனக்குப் படகு போதும். டீ ஆறிடும், குடிங்க."

பெரிய பைலட் எழுந்து போய்விட்டார். அவன் வாசலில் தயங்கி நின்றான். அவள் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் சாய்ந்து, புறங்கையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அதன்பின் அவன் கீழ்ப் படிக்கு வரவில்லை. ரேடியோவில் வேலைப் பேச்சு மட்டும். 'தள்ளுங்க.' 'நிறுத்துங்க.' அந்தக் குரல் வரும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்று வலித்தது. போயும் போயும் பேசத் தெரியாதவன் மேலா மனசு வைத்தேன்?

அந்த மாதக் கடைசியில் மறுபடியும் பேய் மழை. கோதுமை ஏற்றிய பெரிய கப்பல் ஒன்று அவன் பொறுப்பில் உள்ளே வந்துகொண்டிருந்தது. சரியாகத் துரை வளைவில் அதன் இன்ஜின் நின்றுபோனது. நீரோட்டம் அதை மெல்ல மெல்லப் பாறைச் சுவர் பக்கம் தள்ளியது. முன்னால் இழுத்துக்கொண்டிருந்த இன்னொரு படகின் கயிறும் அறுந்தது.

செய்தி ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? கரையில் கூட்டம் கூடிவிட்டது. டவர் அறைக்குள் பெரிய பைலட்டே மூச்சிரைக்க வந்து நின்றார்.

மிச்சம் இருந்தது அவள் படகு மட்டும்தான். கப்பலுக்கும் பாறைக்கும் நடுவே புகுந்து, அந்தப் பக்கமிருந்து தள்ளினால்தான் உண்டு. தப்பினால் படகு நசுங்கும்.

ரேடியோவில் அவன் குரல். "கேப்டன்... இடம் ரொம்பக் குறைச்சல். உங்கள உள்ள போகச் சொல்ல எனக்கு வாய் வரல."

"சொல்ல வேணாம். முடியுமான்னு மட்டும் கேளுங்க."

அவன் கப்பலின் விளிம்பில் சாய்ந்து இடைவெளியைக் கண்ணால் அளந்தான்.

"...முடியுமா?"

"முடியும்."

"அப்ப வாங்க கேப்டன்! நான் மேல இருந்து கண்ணாப் பாத்துக்கறேன்!"

அவள் புகுந்தாள். ஒரு பக்கம் பாறையில் உடைந்து சிதறும் அலை, இன்னொரு பக்கம் மலை போல இரும்புச் சுவர். "இன்னும் கொஞ்சம் இடது... அப்படித்தான்... இப்ப முழு வேகம்!" அவன் சொல்லச் சொல்ல அவள் கை இயங்கியது. இன்ஜின் அலறியது. படகு உடம்பெல்லாம் நடுங்கியது. 'நகரு... என் ராசா, நகரு...' கப்பலைத்தான் கெஞ்சினாள்.

நகர்ந்தது! முதலில் ஒரு முழம். அப்புறம் ஒரு படகு அகலம். அந்த ராட்சசக் கப்பல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வளைவைத் தாண்டி, அமைதியான தண்ணீருக்குள் மிதந்து வந்தது. கரையே ஓவென்று கத்தியது. இன்ஜின்காரர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினார்.

ரேடியோ மறுபடி கரகரத்தது.

"கேப்டன்... எல்லாருக்கும் கேக்கற சேனல்லயே சொல்றேன். அன்னிக்கு உங்க வீட்ல பேச வேண்டிய எடத்துல பேசாம உக்காந்திருந்தேன். அது கோழைத்தனம். நீங்க படகை விட வேணாம். எதையும் விட வேணாம். என்னை மட்டும்..."

"பைலட்!" டவர்காரர் பதறினார். "சேனல்ல சொந்த விஷயம் பேசக் கூடாது!"

ஏதோ தள்ளுமுள்ளுச் சத்தம். பிறகு துறைமுகமே நடுங்கும் அந்தப் பழைய குரல்.

"டவர்ல பெரிய பைலட் பேசறேன். இந்தத் துறைமுகத்துல எத்தனையோ கேப்டனப் பாத்திருக்கேன்மா. உன்ன மாதிரி பாத்ததில்ல. படகை விடச் சொன்ன வாயால சொல்றேன்... விடாதே. உங்கப்பாகிட்ட நானே வந்து மன்னிப்புக் கேக்கறேன். டேய், நீ பேசி முடிடா!"

ஒரு படகு ஹாரன் அடித்தது. இன்னொன்று அடித்தது. துறைமுகத்தில் இருந்த படகு, தோணி, கப்பல் எல்லாம் சேர்ந்து அடித்த ஹாரனில், அவன் பேசி முடித்தது யார் காதிலும் விழவில்லை.

கப்பலைக் கரையில் கட்டி முடித்ததும் அவன் நூலேணியில் இறங்கி அவள் படகுக்கு வந்தான். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. இன்ஜின்காரர் நாசூக்காகக் கீழே இறங்கிப் போனார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முழுக்க நனைந்து, அவள் எதிரே நின்றான்.

"ஹாரன் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல," என்றாள் அவள், எங்கோ பார்த்தபடி. "ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்கு மட்டும் ஒரு தடவை சொல்லுங்க."

அவ்வளவு பெரிய கப்பலைக் கொண்டுவந்தவனுக்கு, இப்போது வார்த்தை சிக்கியது.

"எனக்கு நீ வேணும்."

'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று? அவள் கண்ணில் நீர் திரண்டது. துடைக்காமலே அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கும்தான்... உங்கள முதல் நாள்லேருந்தே பிடிக்கும்," என்றாள்.