பென்னியின் அச்சு

"சூடா கீது ஷைனிம்மா. அதான் விசயம்."

"ஜன்னலாண்ட போட்டிருப்பீங்க அக்கா. வெயில் பட்டா நைலான் சூட்ட புடிச்சி வெச்சிக்கும்."

"இன்னா வெயிலு? நேத்துலேந்து மேகம் மூடிகினு கீது. வெயில் சூடு எனக்குத் தெரியாதா? இது வேற. யாரோ இப்பதான் எழுந்து போன எடம் மாரி கீது."

"புடிக்கலன்னா திருப்பி எடுத்துக்கறேன்."

"அய்யே, குடுக்கமாட்டேன். அதுல உக்காந்தா என் முட்டிவலி எங்க போச்சின்னே தெரில. சும்மா சொன்னேன்."

சிரித்துக்கொண்டே மரியம் அக்கா போனை வைத்துவிட்டாள். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை நடத்தும் அவள்தான் ஷைனியின் நாற்காலியை முதலில் வாங்கியவள்.

விம்கோ நகரில் வாடகைக்கு எடுத்த ஒரு தகரக் கொட்டகையில் ஷைனி வீட்டுப் பொருட்களை வடிவமைத்து விற்கிறாள். வலை மிதவைக்குள் பல்பு எரியும் தொங்குவிளக்கு, கன்டெய்னர் கதவின் தாழ்க்கம்பியில் செய்த துணி மாட்டி, கப்பல் கயிற்றைச் சுருட்டித் தைத்த கால்மிதி. எல்லாம் சுமாராக விற்றன. நாற்காலி மட்டும் நிற்காமல் போனது. காசிமேட்டில் கிழிந்ததும் தூக்கிப்போட்ட மீன்வலைகளை உருக்கி, அச்சில் அழுத்தி எடுத்த கடல்பச்சை நாற்காலி. மெத்தை கிடையாது. ஆனாலும் உட்கார்ந்தவர்களுக்கு எழுந்திருக்க மனம் வருவதில்லை.

காரணம் அந்த வளைவு. அதை அவள் வரையவில்லை. தெர்மாகோல் மணிகள் நிறைத்த பெரிய ரப்பர் பையின் மேல் தன் கணவன் பென்னியை உட்காரவைத்து, பம்பு போட்டு உள்ளிருந்த காற்றை உறிஞ்சினாள். பை அவனைச் சுற்றி இறுகிக் கல்லானது. அவன் எழுந்த பிறகும் தொடைகள், இடுப்பு, முதுகின் சின்னக் கோணல் எல்லாம் அதில் குழியாக நின்றன. அந்தக் குழியைப் பார்த்து வார்த்ததுதான் அலுமினிய அச்சு. எல்லா நாற்காலிகளுக்கும் அது ஒன்றே.

அன்று மாலை பென்னி சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் வண்டி ஓட்டுகிறான்.

"வண்டி நின்னு நின்னு பூடுது," என்றான். "சீட்டுல ஆளு வெயிட்டு தெரிஞ்சாதான் அது ஓடும். நான் உக்காந்தா ஆளே இல்லன்னு ஆஃப் ஆவுது."

"சீட்டு கெட்டுப் போயிருக்கும்."

"மெக்கானிக்கு வால்டர் உக்காந்தா ஓடுது. செமயா கலாய்க்கறான் என்ன. 'மாமு, நீ செத்துப் போய்ட்டியா, ஒரு வார்த்த சொல்லல'ன்றான்." பென்னியும் சிரித்தான். "ஆனா முதுகுவலி சுத்தமா இல்ல ஷைனி. மெதக்கற மாரி கீது."

சொல்லிக்கொண்டே சோபாவில் விழுந்தான். கல்யாணத்துக்கு வந்த அந்தச் சோபாவின் ஸ்பிரிங் அவன் உட்காரும்போதெல்லாம் கிழட்டுப் பூனை மாதிரி ஒரு முனகல் விடும், அந்த முனகலுக்கு அவள் காது இத்தனை வருடங்களில் பழகிப்போயிருந்தது, சமையலறையில் குழாய் சொட்டும் சத்தத்தோடும் தூரத்து ரயில் ஓசையோடும் அதுவும் அந்த வீட்டின் சாயங்காலமாகவே ஆகியிருந்தது. இன்று முனகல் வரவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். பென்னி காலை நீட்டி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே மெத்தை, கடையிலிருந்து வந்த நாள் போல, உப்பலாக இருந்தது.

மறுநாள் காலை வடக்கிலிருந்து காற்று. அப்படி அடிக்கும் நாட்களில் திருவொற்றியூர் மொட்டைமாடிகளில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் மாவு சலித்த மாதிரி படியும். கொடியில் போட்ட சட்டை சொரசொரக்கும், மூக்குக்குள் எரிந்த கரியின் வாசனை போகாமல் நிற்கும். பென்னி மாடியில் துணி எடுத்துவிட்டுக் கீழே இறங்கினான். ஷைனி மேலே போனாள். கொடிவரைக்கும் சாம்பல் விரிந்திருந்தது. காக்கையின் கால்தடம் இருந்தது. அவள் திரும்பி நடந்தபோது அவளுடைய தடங்கள் தெளிவாக விழுந்தன.

அவனுடையது இல்லை.

படியிலேயே உட்கார்ந்து, நாற்காலி வாங்கியவர்களுக்கெல்லாம் போன் செய்தாள். சூடு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடையாற்றில் ஒரு அம்மா, தன் மகள் கட்டிலை விட்டு அதில்தான் தூங்குவதாகவும், யாரோ மடியில் வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று குழந்தை சொல்வதாகவும் ஆசையாகச் சொன்னாள். தயவுசெய்து திருப்பித் தாருங்கள் என்று ஷைனி கெஞ்சினாள். ஒருவரும் தரவில்லை. ஏன் கேட்கிறாய் என்றார்கள். அவள் அடுத்த எண்ணை அழுத்தினாள்.

கொட்டகைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. அச்சு இயந்திரத்தைக் கவனிக்கும் அன்பரசன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த கஃபேக்காரங்க கேட்ட நாற்காலி அல்லாம் நேத்தே போட்டு முடிச்சிட்டேன் அக்கா. வண்டி பெங்களூர் பூட்ச்சி."

"அத நிறுத்த முடியாதா?"

"இன்னாக்கா நீ? அல்லாம் இந்நேரம் உக்காந்துகினு இருப்பாங்க."

அவள் மூலையிலிருந்த சம்மட்டியை எடுத்து, அச்சு இருந்த பக்கம் திரும்பினாள். அன்பரசன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அச்ச ஒடச்சிட்டு அப்பால எதுல அழுத்தறது? என் மேலயா?"

அவள் உள்ளே போனாள். உருகிய நைலானின் தித்திப்பான நாற்றம் தகரச் சுவர்களில் ஒட்டியிருந்தது. அச்சு திறந்து கிடந்தது. வார்த்த அலுமினியம், ஓங்கி நாலு போட்டால் விரிசல் விடும். இன்று அது சில்லென்று இருக்க வேண்டும். குழியில் கை வைத்தாள்.

வெதுவெதுப்பு.

கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே உலோகம் மெல்ல ஏறியது. நின்றது. இறங்கியது. தினமும் தன் பக்கத்தில் தூங்குகிறவனின் மூச்சை அவளுக்குத் தெரியும்.

உடைத்தால் அவன் திரும்பி வருவானா? இல்லை, உடைவது அவனா? யாரிடம் கேட்பது? சம்மட்டியைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள்.

வீட்டில் விளக்குப் போடாமல் பென்னி சோபாவில் இருந்தான். தெருவிளக்கின் மஞ்சள் ஜன்னல் வழியாக அவன் மேல் விழுந்தது. அவன் நிழல் சுவரில் பழைய கறை மாதிரி வெளிறியிருந்தது.

"வேலைக்கு வராதன்ட்டாங்க," என்றான். குரல் அடுத்த வீட்டிலிருந்து வருவது போல இருந்தது. "சீட்டு சரியானதும் கூப்புட்றாங்களாம்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பிரிங் அவளுக்காக முனகியது.

"பென்னி. என் மடில உக்காரு."

"இன்னாடி, புதுசா? ஒடம்பு தாங்குமா உனக்கு?"

"உக்காரேன்."

கூச்சத்தோடு எழுந்தான். அவளுக்கு முதுகு காட்டி, மெதுவாக அமர்ந்தான். அவள் கண்களை இறுக்க மூடி, அந்தக் கனத்துக்காகக் காத்திருந்தாள். தொடை வலிக்கட்டும். மூச்சு முட்டட்டும்.

லுங்கித் துணி தொடையில் பட்டது. அதன் சலவை மடிப்பு பட்டது.

வேறொன்றும் இல்லை.

"கனமா கீறனா?" என்று கேட்டான்.

அவள் இரண்டு கைகளாலும் அவன் வயிற்றை வளைத்துக்கொண்டாள். நடுவில் எதுவும் தடுக்காமல் கைகள் ஒன்றையொன்று தொட்டன.

போன் அடித்தது. மரியம் அக்கா. விரல் தவறி ஸ்பீக்கரில் பட்டது.

"ஷைனிம்மா." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "நாற்காலிய எடுத்துக்கினு போம்மா. இப்பவே ஆள அனுப்பு. நான் வெளிய வந்து கதவ சாத்திட்டேன். அதுல யாரும் இல்லம்மா. சத்தியமா யாரும் இல்ல, ஆனா மூச்சு கேக்குது. நீயே கேளு. போன கதவாண்ட வெக்கறேன்."

மழைச் சத்தம். மரக்கதவில் போன் உரசும் சத்தம்.

மடியில் பென்னி அசையாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது. கூச்சச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு. கனத்த, உடம்புள்ள மூச்சு. நைலான் கிறீச்சிட்டது. பிறகு பென்னியின் குரல், மிகக் கிட்டத்தில்.

"ஷைனி... எழுந்துக்க முடில. கைய குடேன்."