நாலு கம்பிக் கறுப்பு பேஸ்

கடைக்காரரின் பின்மண்டை இருக்க வேண்டிய வடிவத்தில் இல்லை.

காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கியவர் அவருடைய மச்சினன். பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் அந்தக் கடையின் உள்ளறையில் ரிப்பேர் பார்ப்பவர். டிரம்ஸுக்கும் கல்லாவுக்கும் நடுவே அக்கா புருஷன் குப்புறக் கிடந்தார். ஒரு காது பாதிதான் ஒட்டிக்கொண்டிருந்தது. தெறித்த ரத்தம் சிம்பல் தட்டில் புள்ளி புள்ளியாகக் காய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கறுப்பு பேஸ் கிட்டார், ரத்தத்தில் குளித்தெழுந்தது போல.

உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் அந்த பேஸைப் பார்த்துத்தான் நின்றுவிட்டார். பிணம் அவருக்குப் பழக்கம். அந்த பேஸும் பழக்கம், அதுதான் சிக்கல்.

போன வாரம் இதே இடத்தில் மகளோடு நின்று அதை விலை கேட்டவர் அவர். மகள் கல்லூரியில் ஹெவி மெட்டல் குழு வைத்திருக்கிறாள். மிக்ஸியில் கரண்டி விழுந்த சத்தத்துக்கும் அந்த இசைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இன்ஸ்பெக்டருக்குத் துப்புக் கிடைத்ததில்லை. ஆனாலும் பெற்ற பாவம், சீருடையைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். அன்று பாடம் எடுத்தவர் இந்த மச்சினன்.

"விலை கம்மியா வேணும், ஆனா காட்டுக் கத்தல் கத்தணும். அப்படித்தானே? கம்பிக்குக் கீழே இருக்கு பாருங்க பிக்கப், காந்தப் பெட்டி. சத்தத்தைப் புடிக்கிறது இதுதான். இந்தக் கறுப்புல அது அருமை. ஒரே குறை, தலையில கம்பியை முறுக்கற கீ. விலை கம்மியான பேஸ்ல கீ நிக்காது. பக்கத்துல நின்னு தும்மினா சுதி இறங்கிடும். அப்பப்போ திருகிக்கணும்."

"சுவத்துல மாட்டியிருக்கிறதெல்லாம்?"

"அது நான் ரிப்பேர் பண்ணினது மேடம். சுதி சேர்க்காம எதையும் அந்தச் சுவத்துல மாட்ட மாட்டேன்."

அதே மச்சினன் இப்போது கதவோரம் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து கடைசியா யார் வந்தது?"

"சொல்லலாமான்னு தெரியல மேடம்."

"சொல்லுங்க."

"உங்க பொண்ணு."

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் நிறுத்தவில்லை.

"எப்போ?"

"கடை மூடற நேரம். நான் வீட்டுக்குக் கிளம்பிட்டிருந்தேன். அவ இந்த பேஸை மடியில வச்சுக்கிட்டு மாமாகிட்ட விலைக்குச் சண்டை. குறைக்கலேன்னா இதாலேயே ஒண்ணு போடுவேன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா."

மதியத்துக்குள் கைரேகை முடிவு வந்தது. பேஸின் கழுத்து முழுக்க மகளின் விரல்கள். மச்சினனுடையவையும் இருந்தன. ஆனால் அந்தக் கடையில் அவர் விரல் படாத பொருள் ஏது?

மேலதிகாரி போனில் இரண்டே வாக்கியம் பேசினார். "சாயங்காலம் வேற இன்ஸ்பெக்டர் வர்றார். அவர் வந்ததும் பொண்ணை அரெஸ்ட் பண்ணிடுவாங்க, மனசைத் தேத்திக்கோங்க."

ஸ்டேஷன் பெஞ்சில் மகள் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கறுப்புச் சட்டை, அதில் பல் இளிக்கும் மண்டையோடு. இன்றைக்கென்று பார்த்து அதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"சண்டை போட்டியாடீ?"

"பேரம் பேசினேன். நீதானே சொல்லிக் குடுத்தே, முதல்ல பாதி விலைக்குக் கேளுன்னு."

"போடுவேன்னு சொன்னியா?"

"சொன்னேன். அவரும் சிரிச்சாரு." அவள் சட்டை நுனியை முறுக்கினாள். "நல்ல மனுஷன்மா. எனக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தாரு."

"எதுக்கு விலையைக் குறைக்கச் சொன்னே?"

"போன வாரம் அடிச்சப்போ நெஞ்சுல இடிச்சுதுல்ல? நேத்து அதே பேஸ் கொசு மாதிரி முனகிச்சு. என் பாட்டுக்கு ஏத்த மாதிரி சுதியை நல்லாக் கீழே இறக்கி வச்சேன், அப்பவும் சத்தமில்ல. அவருக்கு முகம் மாறிடுச்சு. நீ போம்மா, நான் கழட்டிப் பார்க்கறேன்னாரு. வந்துட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"வீட்டுல நீ பண்ணின உப்புமாவைச் சாப்பிட்டேன். அதுக்கே தண்டனை முடிஞ்சிருக்கணும்."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் முட்டின. இரண்டையும் விழுங்கினார்.

அப்போதுதான் ஏட்டு அந்த பேஸைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு சாட்சிப் பொருள் அறைக்குப் போனார். கம்பிகள் அவர் சட்டைப் பொத்தானில் உரசின. தாழ்ந்த உறுமல் ஒன்று பெஞ்சு வரை கேட்டது.

மகள் தலையைத் தூக்கினாள். "பரவாயில்லையே. நான் வச்ச சுதி அப்படியே நிக்குது."

"என்ன சொன்னே?"

"சுதிம்மா. நேத்து வச்சது. இம்மிகூட இறங்கல."

இன்ஸ்பெக்டர் கையுறை போட்டுக்கொண்டு மகளின் போனில் சுதி காட்டும் ஆப்பைத் திறந்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். முள் நாலு தடவையும் நட்ட நடுவில் நின்றது. கம்பிகளுக்குக் கீழே குனிந்து பார்த்தார். பிக்கப்பைச் சுற்றியிருந்த திருகாணிகளில் புதுக் கீறல்.

"ஏட்டையா, வண்டியை எடுங்க."

கடை உள்ளறையில் மச்சினன் தனியாக இருந்தார். இன்ஸ்பெக்டர் மகளின் போனைக் கையில் பிடித்தபடி சுவரில் தொங்கியவற்றை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். எல்லாம் சரியான சுதியில். கடைசியில் ஒரு ஐந்து கம்பி பேஸ். தேக்குக் கட்டை போன்ற கனம். தட்டியதும் முள் தாறுமாறாகச் சரிந்தது.

"சுதி சேர்க்காம மாட்ட மாட்டேன்னீங்களே."

"மறந்திருப்பேன் மேடம். இருக்கற மனநிலையில..."

"மறக்கல. கீயைத் திருகிப் பார்த்திருக்கீங்க, திரும்பல. இந்தக் கீ வளைஞ்சிருக்கு." டார்ச்சை அடித்தார். கீயின் பற்சக்கரத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அதில் ஒரு நரைமுடி. "துடைச்சீங்க. ஆனா இதுக்குள்ள துணி போகல."

மச்சினன் ஓரடி சுவர்ப் பக்கம் நகர்ந்தார்.

"மண்டை உடையற அடி. தும்மினா சுதி இறங்கற பேஸ். அடிச்சிருந்தா நாலு கம்பியும் நாலு திசைக்குப் போயிருக்கணும். இது என் பொண்ணு வச்சபடியே நிக்குது. அப்போ அந்தக் கறுப்பு பேஸ் யார் மண்டையிலும் படல. ரத்தத்துல புரட்டி எடுத்துப் போட்டிருக்கீங்க."

"என் அக்கா புருஷனை நான் எதுக்கு..."

"நல்ல பிக்கப்பைக் கழட்டி வெளியில வித்துட்டு, மட்டமானதை மாட்டினது யாரு? என் பொண்ணு சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சா. உங்க மாமா கம்பியைத் தளர்த்தாமலே திருகாணியைக் கழட்டிப் பார்த்தாரு. எத்தனை கிட்டார்ல இந்த வேலை பண்ணினீங்க?"

பதிலுக்கு அந்த ஐந்து கம்பி பேஸ் சுவரிலிருந்து பிய்ந்து காற்றில் சுழன்றது. குறுக்கே பாய்ந்த ஏட்டின் தோள்பட்டை எலும்பு குச்சி போல முறிந்தது. அடுத்த வீச்சில் இன்ஸ்பெக்டரின் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவர் குனிந்து ஆம்ப்ளிஃபயர் வயரை வாரி இழுத்தார். மச்சினன் கால் சிக்கி மேஜை விளிம்பில் வாய் மோத விழுந்தார். முன்பற்கள் தரையில் உருண்டன. முதுகில் முழங்காலை ஊன்றி விலங்கு மாட்டிய பிறகுதான் இன்ஸ்பெக்டர் மூச்சு விட்டார்.

"அக்காகிட்ட சொல்லிடுவேன்னாரு." மச்சினன் ரத்தத்தைத் துப்பினார். "கறுப்பாலயும் ஒரு தரம் அடிக்கணும்னு ஓங்கினேன் மேடம். கை வரல. எனக்குத் தொழில் கத்துக் குடுத்தவர்."

"என் பொண்ணை மாட்டிவிட மட்டும் கை வந்துச்சு."

வெளியே, விஷயம் தெரிந்த அக்கா அலறிய அலறலுக்கு எந்தச் சுதியும் இல்லை.

மறுவாரம், நெற்றியில் தையலோடு இன்ஸ்பெக்டர் மகளை வேறொரு கடைக்கு அழைத்துப் போனார்.

"அந்தக் கறுப்பு பேஸ் எப்பம்மா கிடைக்கும்?"

"கேஸ் முடிஞ்சதும். உன் பேத்தி வாசிப்பா."

மகள் சிரித்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு. பிறகு ஒரு சிவப்பு பேஸை மடியில் வைத்து, மெதுவாக, மிக மெதுவாகச் சுதி சேர்த்தாள். புதுக் கடைக்காரர் விலை சொல்ல வாயெடுத்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் இன்ஸ்பெக்டர். பேஸின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். கடைக்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

"இப்போ சுதி பாருடீ."