அத்தை சம்மதம்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, பாயில் இன்னும் இடமிருக்கு. கோபத்தில் தொடங்கும் கதை ஒன்று சொல்கிறேன். அது எங்கே போய் நிற்கிறதென்று பாருங்கள்.

நம்ம டோங்காத் தீவில் ஒரு பிள்ளைக்கு அப்பனைவிட, அப்பனோடு கூடப்பிறந்த அத்தை பெரியவள். பேர் வைப்பது அவள். கல்யாணத்தில் சீராக வரும் நல்ல பாயெல்லாம் அவளுக்குத்தான் போகும். அவள் வேண்டாமென்றால் வேண்டாம். தம்பிக்காரன் எதிர்த்து வாய் திறக்க முடியாது.

லவீனியாவின் மகன் ஃபெலேட்டிக்கு இரண்டரை வயது. ஒரு சொல் பேசவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதுமில்லை. சர்ச்சில் மற்ற பிள்ளைகள் அடி வாங்கித்தான் அடங்கும். இவன் மட்டும் தன் விரலையே பார்த்தபடி அசையாமல் இருப்பான். "என்ன ஒரு அடக்கம்" என்று ஊரே மெச்சும். பெருமையெல்லாம் அத்தை கலோலைனுக்கு.

அன்று காலை லவீனியா பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு வராத குழந்தைகளைப் பழக்கும் டீச்சரம்மா மாதம் ஒருமுறை டவுன் ஆஸ்பத்திரிக்கு வருவாள். அன்றைக்குத்தான் அந்த நாள். மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கலோலைன், கத்தியும் கையுமாக வந்து வாசலை மறித்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு, அண்ணி."

"போன மாசமே வேண்டாம்னு சொன்னேன்ல? நான் பேர் வச்ச புள்ளைய ஊமைன்னு ஊருக்குக் காட்டப் போறியா? இவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான்."

அந்த அப்பன் மொசேசே தரையைப் பார்த்தான். அக்கா முன்னால் அவன் இன்றைக்கும் ஊமைதான்.

லவீனியா பிள்ளையின் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இத்தன மாசம் உங்க பேச்சுக்குக் கட்டுப்பட்டேன் அண்ணி. சின்னதுலயே பழக்கினாத்தான் நல்லா வருமாம். நீங்க வேண்டாம்னு சொன்ன ஒவ்வொரு மாசமும் இவனுக்கு வீணாப் போன மாசம். அதைத் திருப்பிக் குடுப்பீங்களா? மே மாசம் வெள்ளை உடுப்பு போட்டுக்கிட்டு எல்லாப் புள்ளையும் சர்ச்ல வசனம் சொல்லும். நான் வசனமா கேக்குறேன்? அம்மான்னு ஒரு வார்த்தை... அது பேராசையா?"

"நீ சொல்லிக் குடுக்கல. புள்ளை மேல பழி போடுற."

"அப்படியா? பேர் வச்சவங்க நீங்கதான? கூப்பிடுங்க. இப்பவே கூப்பிடுங்க, பாப்போம்."

கலோலைன் கூப்பிட்டாள். ஃபெலேட்டி ஒரு மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். குரலை உயர்த்தினாள். குனிந்து காதருகே கூப்பிட்டாள். மூடி சுழன்றுகொண்டே இருந்தது. அவள் கையிலிருந்து கத்தி நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை சட்டென்று திரும்பினான்.

கலோலைன் பிள்ளையையும் கீழே கிடந்த கத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காது கேக்குதேடி..."

"கேக்குது. நாம பேசுறதுதான் அவன்கிட்ட போய்ச் சேரல."

"அப்ப சர்ச்ல அப்படி உக்காந்திருந்தானே, அது..."

"அது அடக்கமில்ல, அண்ணி."

கலோலைன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஊர் மெச்சினப்போ எனக்கு இனிச்சுதுடி. பாவி நான்."

பிறகு எழுந்து உள்ளே போனாள். பெரிய இடத்துக்குப் போகும்போது மரியாதைக்காக உடுப்பின்மேல் கட்டும் இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நானும் வரேன். எவளாவது வாயத் தொறந்தா, அத்தைதான் கூட்டிட்டுப் போறாங்கன்னு சொல்லு. மாசாமாசம் போவான். இது என் பேச்சு. தம்பி, நீயும் கேட்டுக்க."

லவீனியா அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "வீணாப் போன மாசங்களை நான் மன்னிக்கல அண்ணி."

"மன்னிக்காத. நட, பஸ் போயிடும்."

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கலோலைனே முன்னால் நடந்தாள்.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, மறித்த கையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகட்டும். நேரம் கடக்குமுன் போகட்டும். குஞ்சுகுளுவானோடு நல்லா இருங்க.