வியாழக்கிழமைக் கயிறு

அன்று காலை அப்பா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சிவப்பு மூடி. எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும்.

"அது ஒழுகும்ப்பா," என்றாள் லாதினா, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

"ஒழுகட்டும். முதுகுக்குச் சூடா இருக்கும்," என்றார் அப்பா. பூட்ஸின் குதிகாலை வாசற்படியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

அது மார்ச் மாதம். அன்று மதியம் மேல் சரிவில் பனி சரிந்தது. லாதினாவின் அப்பா, மலை வழிகாட்டி துரி, வீடு திரும்பவில்லை. அவருடைய பைதான் திரும்பி வந்தது. அதற்குள் ஃபிளாஸ்க் இருந்தது.

பிறகு புல்வெளிகளில் பனி உருகியது. பசுக்கள் மணி குலுங்க மேலே போயின. கோடை வந்தது. கோடை வந்தால் வியாழக்கிழமைகளும் வந்துதானே ஆகவேண்டும்?

கோடைக்கால வியாழக்கிழமைகளில் அப்பா வெளியூர்க்காரர்களை மலைக்கு அழைத்துப் போவார். முதலில் பச்சை ஏரி. அதற்கு மேலே, உறைந்து கிடக்கும் பனியாறு. பனியாற்றைக் கடந்தால் அதன் மடியிலேயே கிடக்கும் மேல் ஏரி. அங்கே நடுக்கோடையிலும் பனிக்கட்டிகள் வாத்துகளைப் போல மிதக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். வழிகாட்டிகள் அலுவலகப் பலகையில் அந்தப் பயணத்துக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. "துரியோட வியாழன்" என்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது துரியின் வியாழனை அவருடைய தங்கை ப்ரிஸ்கா பார்த்துக்கொண்டாள். லாதினாவின் அத்தை. அத்தையும் வழிகாட்டிதான். பல கோடைகளாக அண்ணனோடு அதே வழியில் போய் வந்தவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏரிக்குப் போய்விடுவாள் என்று அப்பா கேலி செய்வார்.

ஆனால் அத்தை தனியாக அழைத்துப் போன முதல் வியாழன், எல்லோரும் பனியாற்றின் ஓரத்திலிருந்தே திரும்பி வந்தார்கள். பனி இளகியிருந்தது என்றாள் அத்தை. அடுத்த வியாழனும் அப்படியே. அதே பதில்.

அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். இன்னொரு முறை பாதியில் திரும்பினால், வியாழக்கிழமையைப் பக்கத்துப் பள்ளத்தாக்கு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அவர் கம்பிவடக் கூண்டில் ஏற்றி, பனியாற்றை எட்ட நின்று காட்டி, காபி வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருபவர். அப்புறம் மேல் ஏரிக்கு யாரும் போகமாட்டார்கள். துரியின் வியாழன் என்று ஒன்றே இருக்காது.

சமையலறையில் அத்தை இதை அம்மாவிடம் சொன்னது லாதினாவின் காதில் விழுந்தது. தானும் வருவதாகச் சொன்னாள். அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, ஆப்பிள் தோலும் பட்டையும் போட்ட தேநீரை நிரப்பினாள்.

"நிமிர்த்தி வை. சாய்ஞ்சா ஒழுகும்," என்றாள்.

மஞ்சள் தபால் பேருந்து நிற்கும் இடத்தில் விருந்தினர்கள் காத்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் சிரிக்கும் சகோதரிகள் இருவர். நில்ஸ் என்ற நகரத்துப் பையன், வாய் ஓயாதவன். அவன் பேச்சைக் கேட்டே களைத்துப்போன அவன் அம்மா. அப்புறம் ஸ்டேலி. அவர் வயதானவர். ஒவ்வொரு கோடையும் தவறாமல் வருபவர். கையில் காகிதப் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் யாரையோ தேடினார்.

யாரைத் தேடுகிறார் என்று அத்தைக்குத் தெரிந்தது. அவரைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னாள். ஸ்டேலி தொப்பியைக் கழற்றினார். பிறகு பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் லாதினா நினைத்தாள். ஆனால் அவர் பேருந்தில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார்.

மலைப்பாதையில் இடி விழுந்து பிளந்த மரம் ஒன்று உண்டு. அந்த மரத்தைத் தாண்டிவிட்டால் மேலே யாரும் யாரையும் "நீங்க" என்று சொல்லக்கூடாது. எல்லோரும் "நீ"தான். மந்திரியே வந்தாலும் அப்படித்தான். மலையில் அவசரத்துக்குக் கூப்பிடும்போது மரியாதைக்கு நேரமிருக்காது என்பார் அப்பா.

அத்தை இதைச் சொன்னதும் நில்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே ஸ்டேலியிடம் போனான்.

"ஸ்டேலி, உன் காது ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?"

அவன் அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இங்க காத்து ஜாஸ்தி. வருஷா வருஷம் பிடிச்சு இழுத்து இப்படி ஆயிடுச்சு. நீயும் ஜாக்கிரதையா இரு," என்றார் ஸ்டேலி.

பச்சை ஏரி வரும்வரை நில்ஸ் இரண்டு காதுகளையும் கையால் பிடித்துக்கொண்டே நடந்தான். அதனால் பேச்சும் கொஞ்சம் குறைந்தது.

பச்சை ஏரிக் கரையில் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றார்கள். அங்கிருந்து கற்குவியல்களில் ஏறினால் பனியாறு. கிட்டே போனதும் குளிர் முகத்தில் அறைந்தது. எல்லோரும் பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்களைக் கட்டிக்கொண்டார்கள், இடுப்பில் வாரை மாட்டிக்கொண்டார்கள். பனிக்கு அடியில் பிளவுகள் மறைந்திருக்கும். ஒருவர் கால் தவறினாலும் மற்றவர்கள் பிடித்து நிறுத்துவதற்காக, எல்லோரையும் ஒரே கயிற்றில் கோத்துத்தான் கூட்டிப்போக வேண்டும்.

அத்தை கயிற்றைப் பனியின் ஓரமாக நீளவாக்கில் போட்டாள். முதல் வளையத்தை விட்டுவிட்டு இரண்டாவதில் ஸ்டேலியைக் கட்டினாள். பிறகு சகோதரிகள். பிறகு நில்ஸின் அம்மா, நில்ஸ், லாதினா. ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தபடியே வந்தவள், கடைசி வளையத்தைத் தன் இடுப்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, பனிக்கோடரியை ஊன்றி, முன்னால் பார்த்தாள்.

எல்லோரும் முன்னால் பார்த்தார்கள்.

முன்னால் யாரும் இல்லை. முதல் வளையம் பனியின் மேல் காலியாகக் கிடந்தது.

"என்ன, இன்னும் பச்சை விளக்கு விழலையா?" என்றான் நில்ஸ். சகோதரிகள் சிரித்தார்கள்.

லாதினா திரும்பி அத்தையைப் பார்த்தாள். அத்தையின் கை கொக்கியிலேயே உறைந்திருந்தது. அப்பா எப்போதும் முதல் வளையத்தில். அத்தை எப்போதும் கடைசியில். இத்தனை கோடைகளாக அவள் இங்கேதான் நின்றிருக்கிறாள். இன்றும் கால்கள் தாமாகவே இங்கே வந்து நின்றுவிட்டன. கொக்கியைக் கழற்றிவிட்டு முன்னால் போனால் போதும். ஆனால் அங்கே கிடப்பது அண்ணனின் வளையம். அதற்குள் நுழைய அத்தையால் முடியவில்லை.

போன வாரமும் இப்படித்தான் நடந்திருக்கும். அதற்கு முந்தைய வாரமும்.

"பனி கொஞ்சம் இளகலா இருக்கு..." என்று அத்தை மெல்ல ஆரம்பித்தாள்.

லாதினா பூட்ஸால் பனியை அழுத்திப் பார்த்தாள். பாறை மாதிரி இருந்தது. அத்தை அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் எல்லோரும் முடிச்சை அவிழ்த்துவிடுவார்கள். துரியின் வியாழன் அதோடு முடிந்துவிடும். உண்மையை உரக்கச் சொன்னாலோ, எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதையும் அவள் விரும்பவில்லை.

கயிற்றின் அந்த நுனியைப் பார்த்தாள். இந்த நுனியைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

"அத்தை, அந்தக் கறுப்புப் பாறை பக்கமா போனாலும் மேல் ஏரி வரும்ல?" என்று கேட்டாள்.

கறுப்புப் பாறை அவர்களுக்குப் பின்னால் இருந்தது. அத்தை திரும்பிப் பார்த்தாள்.

"வரும்," என்றாள். "கொஞ்சம் சுத்து. ஆனா நல்ல வழி."

"அப்போ எல்லாரும் அப்படியே திரும்பி நில்லுங்க," என்றாள் லாதினா சத்தமாக. "இன்னைக்கு இந்தப் பக்கமா போறோம்."

இரும்புப் பற்கள் கரகரக்க எல்லோரும் திரும்பினார்கள். வால் தலையாயிற்று, தலை வாலாயிற்று. இப்போது எல்லோருக்கும் முன்னால் அத்தைதான் நின்றாள். ஓர் அடிகூட எடுத்து வைக்காமலே.

அத்தை அசையவில்லை. லாதினா அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"நீ நிக்கிற இடம்தான் முன்னாடி. போ அத்தை, நான் பின்னாடியே இருக்கேன்."

அத்தை மூக்கை உறிஞ்சினாள். பனிக்கோடரியைப் பிடுங்கினாள். திரும்பிப் பார்க்காமலே உரக்கக் குரல் கொடுத்தாள்: "ஸ்டேலி, இப்போ நீதான் கடைசி. கயித்தைத் தளர விடாத."

"அதான் வருஷா வருஷம் காதுல விழுதே. என் காதைத்தான் பாத்தியே," என்றார் ஸ்டேலி. காலியாகக் கிடந்த வளையத்தைக் குனிந்து எடுத்து, பனி தட்டி, தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

அத்தை நடந்தாள். கயிறு நகர்ந்தது. லாதினா நடந்தாள். பனியாறு அவர்கள் காலடியில் எங்கோ ஆழத்தில் முனகியது. நீலமான ஒரு பிளவைக் கண்டு நில்ஸ்கூட வாயை மூடிக்கொண்டான். அத்தை கோடரியால் பனியைக் குத்திப் பார்த்து, வளைந்து வளைந்து வழி கண்டுபிடித்தாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவாள் என்று அப்பா சொன்னது பொய்யில்லை.

மேல் ஏரி அங்கேயே இருந்தது. பனிக்கட்டிகள் மிதந்துகொண்டிருந்தன. சேர வேண்டிய இடம் வந்ததும் எல்லோரும் எல்லோருடனும் கைகுலுக்குவது வழக்கம். நில்ஸ் இரண்டு சுற்றுக் குலுக்கினான்.

ஸ்டேலி ஒரு பாறைமேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கறுப்பாக, கனமாக, காய்ந்த பேரிக்காயும் கொட்டைகளும் வைத்துச் சுட்ட ரொட்டி.

"துரிக்காகச் சுட்டது," என்றார். "எல்லாரும் சாப்பிடுங்க."

ரொட்டியை வெட்டிக்கொண்டே சொன்னார். முதல் முறை அவர் மனைவி வெரேனாவோடு வந்திருந்தார். வெரேனாவுக்கு முழங்கால் வலி. மற்றவர்கள் எல்லாம் இளவட்டங்கள், குதிரை மாதிரி ஏறினார்கள். தன்னால் எல்லோருக்கும் தாமதமாகிறது என்று வெரேனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் துரியின் ஷூவுக்குள் கல் புகுந்தது. உட்கார்ந்து கழற்றி உதறினான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கல். வழி முழுக்க இதே கதை. அவன் உட்காரும்போதெல்லாம் எல்லோரும் உட்கார வேண்டியிருந்தது.

"வெரேனா அவனைத் திட்டினா. வழிகாட்டியா இருந்துக்கிட்டு நல்ல ஷூ வாங்கக்கூடாதாப்பான்னு. கடைசித் தடவை அவன் ஷூவைக் கவிழ்த்தப்போ கிட்ட இருந்து பாத்துட்டா. ஒரு தூசிகூட விழல. அவன் கண்ணடிச்சான். அவ இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா."

ஸ்டேலி கத்தியைத் துடைத்தார்.

"ஒவ்வொரு வருஷமும் நன்றி சொல்லணும்னுதான் வருவேன். வாய் வராது. ரொட்டியை நீட்டுவேன். அவன் தின்னுவான். அவ்வளவுதான்."

லாதினாவுக்கு வீட்டில் நடந்த சண்டைகள் நினைவுக்கு வந்தன. ஷூவில் கல் புகுவதாகக் கேள்விப்பட்டு, அப்பாவின் பிறந்தநாளுக்கு அம்மா புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாள். புது பூட்ஸிலும் கல் புகுந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அம்மா கடைக்கே போய்ச் சத்தம் போட்டாள். அப்போது அப்பா வாயே திறக்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தையும் சிரித்தாள். "நானும் பின்னாடி நின்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்," என்று சொல்லிச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிவப்பு மூடியில் தேநீர் ஊற்றி ஒருவர் பின் ஒருவராகக் குடித்தார்கள். மஞ்சள் மூக்குக் காக்கை ஒன்று வந்து மிச்சத் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டது. ஸ்டேலியிடம் மூடியைக் கொடுத்தபோது லாதினா சொன்னாள்: "ரொட்டிக்கு நன்றி. ஷூ கதைக்கு அதைவிடப் பெரிய நன்றி."

இறங்கும்போது நில்ஸ் தள்ளாட ஆரம்பித்தான். பேச்சு நின்றுபோயிருந்தது. களைப்பா என்று அவன் அம்மா கேட்டதற்கு இல்லவே இல்லை என்று விறைப்பாகத் தலையாட்டினான்.

பச்சை ஏரியைத் தாண்டியதும் லாதினா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"ஒரு நிமிஷம். என் ஷூல கல்லு."

அத்தை நின்றாள். நில்ஸ் பொத்தென்று பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினான். லாதினா நிதானமாக நாடாவை அவிழ்த்து, ஷூவைக் கவிழ்த்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. ஸ்டேலி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்து நிறுத்தத்தில் ஸ்டேலி அந்தக் கயிற்று வளையத்தைத் தோளிலிருந்து எடுத்து அத்தையின் கையில் கொடுத்தார். அடுத்த கோடையும் வியாழக்கிழமைதானே என்று கேட்டார். அத்தை ஆமாம் என்றாள். இந்த முறை அவள் குரலில் தயக்கம் இல்லை.

வீட்டில் அம்மா வாசலில் நின்றிருந்தாள். லாதினா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கறுப்புப் பாறை, பேரிக்காய் ரொட்டி, ஷூ. ஷூ என்றதும் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அந்தக் கடைக்காரர்கிட்ட நான் எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா," என்றாள். பிறகு லாதினாவின் தோளிலிருந்து பையை இறக்கி, அவளைத் திருப்பி நிறுத்தினாள்.

சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. இறங்கும் அவசரத்தில் ஃபிளாஸ்க் சாய்ந்துவிட்டது போலிருக்கிறது. சிவப்பு மூடி இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

முதுகு சூடாகத்தான் இருந்தது.