கறிவேப்பிலைச் சாடி

நேற்று ஐந்து துண்டுகள் இருந்தன. இன்று நான்கு.

அன்ரனெற்றுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, நவம்பர், பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம், சனிக்கிழமை விஞ்ஞானக் கண்காட்சி. தட்டைப்புழுவை வெட்டினால் அதன் மூல உயிரணுக்கள் ஒவ்வொரு துண்டையும் முழுப் புழுவாக வளர்த்துவிடும் என்று வாய் கிழியப் பேசி வாங்கிய தலைப்பு. புத்தகத்தில் வளர்த்துவிடும். மோர்னிங்சைட் அப்பார்ட்மென்ற் ஜன்னலோரத்தில், தண்ணீர் விட்ட கண்ணாடி டிஷ்ஷுக்குள், மூன்று வாரமாகியும் ஒரு தலைகூட முளைக்கவில்லை. துண்டுகள்தான் நாளுக்கொன்றாகக் காணாமல் போயின. வெறுங்கையோடு போனால் பாடம் போச்சு. பாடம் போனால் யூனிவர்சிற்றியும் போச்சு.

"அம்மா, என்ர டிஷ்ஷைத் தொட்டனீங்களோ?"

"தொடேல்லைப் பிள்ளை," என்றாள் மக்டலீன், அடுப்படியிலிருந்து. "தண்ணி மணந்தது. ஒவ்வொரு நாளும் மாத்தி விடுறனான்."

"பழைய தண்ணி?"

"மீன் கழுவின தண்ணியோட கறிவேப்பிலைக்கு ஊத்திறனான். நல்லாத் தழைக்குது, பாரன்."

"அதுக்குள்ளதான் அம்மா என்ர ப்ரொஜெக்ட் கிடந்தது."

கத்தியும் பிரயோசனமில்லை. மக்டலீன் உடுப்புக் கூடையோடு கீழே லோன்றிக்குப் போய்விட்டாள்.

ஐந்து மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. ஒரு துண்டாவது தலையோடு கிடைத்தால் போதும் என்று அன்ரனெற் கறிவேப்பிலைக் கன்று நின்ற மண்சாடியருகே குந்தினாள். ஹீற்றர் டிக் டிக்கென்று சுட்டு ஓய, குளிர்காலத்தில் எல்லார் வீட்டிலும் மொட்டையாகிப்போகும் கன்று இங்கே கூரையைத் தொட்டு நிற்க, மீன் நாற்றத்துக்கு அடியிலிருந்து பச்சைக் குழந்தையின் பால் மணம் எழுந்துவந்தது. அவளுக்குப் பயம் பிடித்தது. ஆனாலும் சனிக்கிழமை வந்துவிடுமே.

ஆட்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோலச் சூடு. இன்னும் கொஞ்சம் ஆழம். மெத்தென்று ஏதோ.

அது விரலைப் பிடித்தது.

கையை இழுத்தாள். வந்தது. நோகவில்லை. இரத்தமில்லை.

விரலின் நுனி இல்லை.

மண் அசைந்தது. முதலில் ஒரு நகம். அவளுடைய நகம், அதில் அவளுடைய பேனா மை. அதன் கீழே ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. பக்கத்தில் இன்னும் நான்கு விரல்கள். உள்ளங்கை. மணிக்கட்டு.

வளர்ந்தது. அவள் மூன்று வாரமாகக் காத்திருந்தபடியே.

ஈர விரல்கள் சாடியின் விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டன. மண் இன்னும் அகலமாக, ஒரு தலை வெளியே வரும் அளவுக்கு, விரிந்தது. கறுத்த தலைமயிர். நடுவில், அவளுடைய அதே வகிடு.