கூப்பிட்டால் பதில் சொல்லும் கம்பி

"கூப்பிட்டா பதில் சொல்ற மாதிரி கம்பி இருக்கா?"

வாசலில் நின்று கேட்டவனை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை தொப்பலாக நனைந்திருந்தான். மழைக்கோட்டைக் கழற்றிக் கையிலிருந்த கிட்டார் பெட்டிக்குப் போர்த்தியிருந்தான். பெட்டி சுகமாக இருந்தது. ஆளுக்குத்தான் பல் கிட்டித்தது.

"பதில் வேணும்னா போன் கடைக்குப் போகணும். இங்க கிட்டார் கம்பிதான் விக்கிறோம்" என்றாள். "பரவாயில்ல, உள்ள வாங்க. நனையறதுன்னா அளவோட நனையணும்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் பார்த்தான்... அப்படி ஒரு பார்வை. கண்ணுக்குள்ளே விழுந்த தூசியைத் தேடுகிற மாதிரி நிதானமாக, நேராக. அவள்தான் முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அடுத்த தெருவில் உள்ள மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபின் 'அதானே... தொழில் பார்வை' என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

பெட்டியைத் திறந்தாள். பழைய கிட்டார். மரம் அருமையான மரம். கம்பிகள்தான் ஆறும் துருவேறிக் கறுத்துக் கிடந்தன. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. துருப்பிடித்த கம்பியைக் கண்டால் கை சும்மா இருக்காது. கடை முதலாளியான அப்பா அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே 'கத்தரி'. பேசிக்கொண்டே முறுக்காணிகளைத் தளர்த்தினாள், கட்டிங் பிளேயரை எடுத்தாள்... டக், டக், டக்.

"நிறுத்துங்க."

சத்தமில்லாமல்தான் சொன்னான். அவள் கை நின்றுவிட்டது. ஆனால் ஆறும் போயிருந்தது.

"எந்தக் கம்பி நல்லதுன்னு கேக்கத்தான் வந்தேன். வெட்டச் சொன்னேனா? அது எங்க அண்ணன் மாட்டின கம்பி. அண்ணன் இப்ப இல்ல."

அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. 'துருப்பிடிச்ச கம்பிதானே' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு உறையில் போட்டுக் கொடுத்தாள். "மன்னிச்சுக்கோங்க" என்றாள். அவனும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அண்ணன் சரியான சோம்பேறி. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா சாப்பிடக் கூப்பிடுவாங்க. இவன் வாயைத் திறக்க மாட்டான். ரூமுக்குள்ள இருந்துக்கிட்டே தடிக் கம்பியை ஒரு தட்டு தட்டுவான். அவ்வளவுதான், 'இதோ வர்றேன்'னு அர்த்தம். அவன் போய் மூணு வருஷம் ஆகுது. அம்மா இன்னும் ஆறு மணிக்குக் கூப்பிடுறாங்க. பதில் வந்தாத்தான் சாப்பிடுவாங்க."

"பதில்... வருதா?"

"வருது."

இதைச் சொல்லும்போது மட்டும் அந்த நேர்ப்பார்வை விலகி எங்கேயோ போயிற்று.

அவளுக்கு இதில் பெரிய அதிசயம் தெரியவில்லை. ஒரு கம்பியின் சுருதியும் ஒரு குரலின் சுருதியும் ஒன்றாகிவிட்டால் தொடாமலே கம்பி அதிரும். கடையில் யாராவது பெரிதாக இருமினால் சுவரில் தொங்கும் கிட்டார்கள் எல்லாம் ம்ம்ம் என்று முனகும். ஆனால்... அந்தத் துருக் கம்பியா? விரலால் சுண்டினாலே அதில் சத்தம் வந்திருக்காதே. உறுத்தலை மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

"கம்பியைத் தாங்குற பாலம் லேசா மேல எழும்பியிருக்கு. ஒட்டி, அழுத்தம் கொடுத்து ஒரு நாள் காயவைக்கணும். அப்புறம் புதுக் கம்பி போட்டுப் பார்ப்போம். அம்மா குரலுக்கு எது அதிருதோ அதுதான் உங்களுக்கு நல்ல கம்பி. கம்பி என் பொறுப்பு."

கடிகாரம் ஐந்தே முக்கால் காட்டியது. அவன் பதறி எழுந்து, மழைக்கோட்டைக்கூட மறந்து ஓடினான். அப்போதுதான் கடைக்குள் நுழைந்த அப்பா மோதாமல் ஒதுங்கினார்.

"யார் கத்தரி அது? ஆறு மணி அடிச்சா தலை வெடிச்சிடும்போல ஓடறான்."

அன்றிலிருந்து அவன் பெயர் 'ஆறு மணி'.

அன்றும் அப்பா கணக்காக ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டீ குடிக்கப் போனார். மழை நின்றிருந்தது. கடைக்குள் அவளும் வேலை மேசையில் அந்தக் கிட்டாரும்தான். ஒட்டிய பாலத்தை அழுத்திப் பிடிக்கும் மரக் கவ்வி. ஒரு கம்பிகூட இல்லை. பசை டப்பாவை மூடிக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது.

ம்ம்ம்...

தாழ்வான ஒரே ஒரு சுருதி. மேசைப் பலகை வழியாக அவள் முழங்கைக்கு வந்தது. சுவரில் முப்பது கிட்டார்கள் தொங்கின, ஒன்றும் அசையவில்லை. அவள் மெல்லக் குனிந்து கிட்டாரின் ஒலித்துளையில் கையை வைத்தாள். உள்ளிருந்து காற்று ஈரமாக வந்தது... யாரோ வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தாள். மணி சரியாக ஆறு.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். அவனிடம் சொல்ல... பயம். எதற்குப் பயம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பைத்தியம் என்று நினைத்து அவன் வராமல் போய்விட்டால்?

அவன் வந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் வந்தான். பசை காய்ந்த முதல் நாள் வெறும் வெண்கலம் சுற்றிய கம்பி போட்டாள். பளீரென்று இருந்தது; ஆனால் தெருவில் போகிற ஒவ்வொரு ஹாரனுக்கும் சிலிர்த்தது.

"ஊர்ல யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லுதே" என்றான்.

"ஆமா, வாயாடிக் கம்பி. உங்களுக்கு ஒத்துவராது."

"ஏன், எனக்கு வாயாடிங்க ஒத்துவராதுன்னு யார் சொன்னா?"

சட்டென்று சொல்லிவிட்டு அவனே காதுவரை சிவந்துபோனான். அவள் கம்பியைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

இரண்டாம் நாள் தடிப்பான பதின்மூன்றாம் நம்பர் செட். பழைய மரம் அந்த இழுப்பைத் தாங்காது, கல் மாதிரி மௌனமாக இருந்தது. பட்டு நூல் சேர்த்துச் சுற்றிய மெல்லிய செட் மூன்றாம் நாள். அது அம்மா ஸ்தாயிக்கு இறங்கவே இல்லை. கடைசியில் பாஸ்பர் வெண்கலம், பதினொன்றாம் நம்பர். விலையில் நடுத்தரம்தான். அவன் கண்ணை மூடி, அம்மா கூப்பிடுகிற சுருதியை மெல்ல முனகிக் காட்ட, அவள் தடிக் கம்பியை மயிரிழை மயிரிழையாக இறக்கினாள். ஒரு இடத்தில் கம்பி தானாக நடுங்கியது. இருவரும் ஒரே சமயம் நிமிர்ந்தார்கள். அத்தனை பக்கத்தில் அவன் கண்கள்... அவளுக்கு என்ன பேசுவது என்றே தெரியவில்லை. தெரியாதபோது உண்மையைப் பேசிவிடுவது அவள் வழக்கம்.

"நீங்க விட்டுட்டுப் போன அன்னைக்கே இது பாடிச்சு. கம்பியே இல்லாம... ஆறு மணிக்கு. இப்ப நீங்க முனகினீங்களே, அதே சுருதி."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இருக்காது."

"என் காதால கேட்டேன். வீட்லயும் இப்படித்தானே பாடும்?"

"வீட்ல அது பாடினதே இல்ல" என்றான். குரல் உடைந்திருந்தது. "நான்தான்... மூணு வருஷமா அவன் ரூம் கதவுக்குப் பின்னாடி நின்னு நான்தான் முனகுறேன். அண்ணன் போன மறுவாரம், அம்மா பழக்கத்துல கூப்பிட்டுட்டு அப்படியே நின்னுட்டாங்க. தாங்க முடியல. வாயை மூடிக்கிட்டு முனகினேன். அன்னைக்குத்தான் சாப்பிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு சாயங்காலம்கூட நான் வெளிய இருந்ததில்ல. போன மாசம் தொண்டை கட்டிக்கிச்சு, ரெண்டு நாள் குரல் வரல. ரெண்டு நாளும் அம்மா பட்டினி. அதான் நிஜமாவே பதில் சொல்ற கம்பி தேடி வந்தேன்."

அவள் பாவி, யோசிக்காமல் கேட்டாள். "அப்போ அம்மாவை ஏமாத்திக்கிட்டா இருக்கீங்க?"

அவன் எழுந்தான். கிட்டாரைக்கூட எடுக்கவில்லை.

ஐந்து நாள் வரவில்லை. "என்ன கத்தரி, உன் ஆறு மணி நின்னுபோச்சா?" என்று அப்பா கேட்டபோது சுருக்கென்றது. ஐந்து நாளும் சாயங்காலம் கிட்டார் மட்டும் தவறாமல் பாடியது. ம்ம்ம்... அவள் பயத்தோடே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அதே நேரத்தில் எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் அவனும் நின்று முனகிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். 'என் வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கணும்' என்று நொந்துகொண்டாள்.

ஆறாம் நாள் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய், பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் கையால் அவளுடைய ஒரு கண்ணை மூடினான்.

"கடைசி வரியைப் படிங்க."

"என் தப்புதான்னு போட்டிருக்கு."

"அதுக்கு மேல் வரி?"

"இன்னைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு. கிட்டாரை நானே கொண்டு வர்றேன். இன்னைக்கு மட்டும் நீங்க முனகாதீங்க. அது பதில் சொல்லட்டும்."

"சொல்லலைன்னா? அம்மா மறுபடி..."

"சொல்லலைன்னா உண்மையை நான் சொல்றேன். திட்டு எனக்கு."

அவன் அவளுடைய இன்னொரு கண்ணையும் மூடினான். கை விலகச் சற்று நேரமாயிற்று. "வாங்க" என்றான்.

மழையில் கொண்டுபோவதால் கம்பிகளை எல்லாம் தளர்த்திப் பெட்டியில் வைத்தாள். ஈரத்தில் மரம் வீங்கினால் பாலம் மறுபடி பிடுங்கிக்கொள்ளும், போய் முறுக்கிக்கொள்ளலாம். வழியெல்லாம் வெள்ளம். அண்ணனின் அறைக்குள் அவர்கள் நுழைந்தபோது நனைந்த தலையோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்து கிட்டாரைச் சுவரில் சாத்தினாள். முறுக்காணியில் கை வைத்தாள்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "சாப்பிட வாடா..."

அய்யோ. மணி ஆறா? கம்பிகள் துணி காயப்போடுகிற கொடி மாதிரித் தொய்ந்து கிடந்தன. இதில் ஈ உட்கார்ந்தால்கூடச் சத்தம் வராது. 'முனகுங்க, முனகுங்க' என்று கண்ணால் கெஞ்சினாள். கொடுத்த வாக்குக்காக அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவன் கண்ணில் நீர் நின்றது.

ம்ம்ம்...

கம்பி அசையவில்லை. அவள் கண்ணெதிரே ஆறு கம்பியும் தொய்ந்தபடியே இருந்தது. சுருதி மட்டும் நிறைந்து, அறையின் ஜன்னல் கண்ணாடி நடுங்கி, மெல்ல... மெல்ல அடங்கியது. அவள் தன்னை அறியாமல் அவனுடைய ஒரு கையைப் பிடித்திருந்தாள். அது சில்லிட்டிருந்தது.

கதவு திறந்தது. மூன்று வருஷமாக அந்த அறை வாசலை மிதிக்காத அம்மா உள்ளே வந்தாள். மகனின் முகத்தையும், இன்னும் வாயைப் பொத்தியிருந்த அவன் மறு கையையும் பார்த்தாள்.

"இன்னைக்கு நீ இல்ல" என்றாள்.

"அம்மா..."

"தினமும் நீதான்னு எனக்குத் தெரியாதாடா? பெத்தவளுக்கு எந்தப் புள்ளை குரல்னு தெரியாதா? கூப்பிட்டா நீயாவது வீட்ல இருக்கேன்னு தெரியுது, அதுக்காகக் கூப்பிட்டேன். குரல் வராம நீ கதவுக்குப் பின்னாடி தவிச்சியே ரெண்டு நாள்... எனக்குச் சோறு எப்படி எறங்கும்?" கிட்டாரின் தலையை ஒருமுறை தடவினாள். "பெரியவன் வந்து சொல்லிட்டுப் போயிட்டான். இனிமே நான் கூப்பிடல. நீ உன் இஷ்டத்துக்கு வா, போ." பிறகு அவள் பக்கம் திரும்பினாள். "நீ ஏம்மா இப்படி நனைஞ்சிருக்கே? தலையைத் துவட்டிட்டு வா, சாப்பிடலாம்."

அம்மா போய்விட்டாள். அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடித்த கையை இருவருமே விடவில்லை.

"மூணு வருஷமா அவனோட குரல்லயே பேசிப் பேசி..." என்றான். "என் சொந்தக் குரல்ல சொல்றதுக்கு எங்கிட்ட எதுவுமே இல்லாம இருந்துச்சு. இப்ப ஒண்ணு இருக்கு. சொல்லட்டுமா?"

"மெதுவா சொல்லுங்க. அம்மா பக்கத்துலதான் இருக்காங்க."

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

கரகரவென்று, பாதியில் உடைந்து, சுருதியே சேராத குரல். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"எனக்கும்தான்" என்றாள்.

அண்ணனின் கிட்டாரை இருவரும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள். அது பேசாமல் இருந்தது.